பாதியில் விட்டவரை என்னவென்று சொல்வது? கொங்கு வழக்கோடு சில கேள்வி பதில்கள்

பெருந்துறையில் உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் பார்ப்பது என் பிழைப்பு. மாதம் ஒருவராவது கூப்பிட்டு, "சட்டுனு மனசு விட்டுடறவங்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறார்கள். கல்லூரிப் பெண் கேட்பாள், விளம்பரம் எழுதுகிறவர் கேட்பார், போன வாரம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரும் கேட்டார். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் கைவிட்டுவிடுகிறவருக்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரு சொல் கிடையாது. அகராதியைப் பார்த்து "மனத்திடமற்றவர்", "விடாமுயற்சி இல்லாதவர்" என்று எழுதலாம். ஆனால் எந்த வீட்டுத் திண்ணையிலும் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

தமிழ்ப் பேச்சு முதலில் வேறொன்றைக் கேட்கும்: எந்த இடத்தில் விட்டான்? தொடங்கிய வேகத்திலேயே விட்டால் ஆரம்ப சூரன். அடி விழுவதற்கு முன்பே பயந்தால் தொடைநடுங்கி. ஒரு சொல் பொறுக்காமல் முகம் சுருங்கினால் தொட்டாற்சிணுங்கி. வாயில் மட்டும் வெடித்துவிட்டு வேலையில் காணாமல் போனால் வெத்துவேட்டு. தீபாவளிக்கு வாங்கி மழையில் நனைந்த பட்டாசு மாதிரி ஆளாக இருந்தால் நமத்துப்போனவன். விட்ட இடம் தெரிந்தால்தான் சொல் கிடைக்கும். அது தெரியாமல் சொல்லைத் தேடினால் அளவு தெரியாமல் சட்டை வாங்கிய கதைதான்.

ஆரம்ப சூரன் என்றால் சரியாக என்ன?

தொடங்கும்போது ஊரையே கூட்டிவிட்டு, நாலாவது நாள் ஆளைக் காணாமல் போகிறவர். இது வடமொழியிலிருந்து வந்த சேர்க்கை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே தொடர் இதே பொருளில் உண்டு. அதனால் கோயமுத்தூர் மாதிரி மூன்று மொழியும் புழங்குகிற ஊரில் யாரிடம் சொன்னாலும் புரிந்துவிடும். ஆளைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்ல "ஆரம்ப சூரத்தனம்".

இதற்கு என்னைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பத்தாம் வகுப்பு லீவில் டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே லோயர் முடித்து, ஹையர் முடித்து, அரசு வேலையில் உட்கார்ந்துவிட்டதுபோல வீட்டில் பேச்சு. புதுத் துண்டு, புது ஃபைல். ஏ, எஸ், டி, எஃப் என்று இடது கையை அடித்தேன், வலது கையை அடித்தேன், சுண்டுவிரல் வலித்தது. இரண்டாவது வாரம் முழுக்க அதே வரிதான். மூன்றாவது வாரம் வகுப்புக்குக் கிளம்பி சந்தைக்கடைப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். அப்பா கண்டுபிடித்ததும் திட்டவில்லை. அந்தப் புதுத் துண்டை எடுத்து ஸ்கூட்டர் துடைக்க வைத்துக்கொண்டார். அது கிழிகிற வரைக்கும் வாசலில் தொங்கியது.

இந்தச் சொல்லில் கேலிதான் அதிகம், வெறுப்பு குறைவு. சொல்லப்பட்டவரே சிரித்துவிட முடியும். அந்த வகையில் இருப்பதில் நல்ல சொல் இதுதான் என்பேன்.

பெண்ணுக்கு என்ன சொல்வது? ஆரம்ப சூரியா?

வேண்டாம். சிரிப்புத்தான் வரும். "ஆரம்ப சூரத்தனம்" என்று குணத்தைச் சொன்னால் ஆண் பெண் இருவருக்கும் போதும்.

கோழை, பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி, இவற்றைப் போடலாமா?

மூன்றும் பயத்தைச் சொல்கிற சொற்கள். விடுவதற்குப் பயம் ஒரு காரணம்தான், அதுவே எப்போதும் காரணம் இல்லை. டைப்ரைட்டிங் மெஷினைப் பார்த்து நான் பயப்படவில்லை, சலிப்புத்தான்.

பயம் வந்து விட்ட கதையும் இருக்கிறது. எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். ஆறு ஏழு வயதில் முதுகில் சுரைப்புருடையைக் கட்டிவிடுவார்கள். முற்றிக் காய்ந்த சுரைக்காய், உள்ளே வெறும் காற்று, கயிறு வயிற்றை இறுக்கும். மாமா தண்ணீரில் நின்றபடி "குதி கண்ணு, நான் புடிச்சுக்கறேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். பாசி படிந்த கல், அடியில் கறுத்த தண்ணீர், படிக்கல் இடுக்கில் ஒரு தவளை. திரும்பி வந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். மேலே இருந்த பையன்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "தொடநடுங்கீ!" என்றார்கள். அந்த இடத்தில் அந்தச் சொல் சரி. தொடை நிஜமாகவே நடுங்கியது.

"கோழை" கொஞ்சம் மேடைச் சொல். வீட்டில் யாரும் அப்படித் திட்டுவதில்லை. "பயந்தாங்கொள்ளி" பிள்ளைகள் பேச்சு, பாதி செல்லம். வளர்ந்த ஆளை நேராகப் பார்த்து "தொடைநடுங்கி" என்றால் அப்புறம் கை கலப்புத்தான், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

சோம்பேறி?

இல்லை. சோம்பேறி தொடங்கவே மாட்டான். தொடங்காதவன் எதை விடுவது?

விட்டுட்டான், விட்டுப்போட்டான், விட்டுப்போச்சு: வித்தியாசம் என்ன?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

கொங்குப் பேச்சில் எதற்கும் ஒரு "போடு" ஒட்டிக்கொள்ளும். சொல்லிப்போட்டேன், வந்துபோட்டான், தின்னுபோட்டு வா. வெளியூர்க்காரர்களுக்கு இது ஏதோ தூக்கி எறிவதுபோலக் கேட்கும். எங்களுக்கு அது பெரும்பாலும் வேலை முடிந்தது என்று சொல்வதுதான். ஆனால் "விடு" என்பதோடு சேரும்போது மட்டும் ஒரு கடுப்பு ஏறிவிடுகிறது. "படிப்ப விட்டுட்டான்" என்றால் செய்தி. "படிப்ப விட்டுப்போட்டான்" என்று அம்மா இழுத்துச் சொன்னால் அதில் கட்டிய ஃபீஸ், விற்ற ஆடு, கேட்ட கடன் எல்லாம் இருக்கும்.

இதற்கு நேர் எதிர் "விட்டுப்போச்சு". "மனசே விட்டுப்போச்சுங்க." இங்கே விட்டது ஆள் இல்லை, மனசு. ஆள் சும்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யார்மேலும் பழி இல்லை. "கை ஓஞ்சுபோச்சு", "வெறுத்துப்போச்சு" எல்லாம் இதே வகை. தக்காளி விலை இறங்கி, பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று காட்டிலேயே விட்ட விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். "விட்டுட்டேன்" என்று சொல்வது அபூர்வம். "விட்டுப்போச்சுங்க" என்பார்.

ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டேன். தன் கதையைச் சொல்லும்போது எல்லோருக்கும் "விட்டுப்போச்சு". அடுத்தவன் கதை என்றால் "விட்டுப்போட்டான்". நானும் விதிவிலக்கில்லை. மேலே டைப்ரைட்டிங் கதையைத் திரும்பப் படித்தால் "வலித்தது" என்று விரல்மேல் போட்டிருப்பது தெரியும்.

"வேலைக்கு நின்னுட்டான்" என்கிறார்களே, அது இருக்கிறான் என்றா, போய்விட்டான் என்றா?

திருப்பூர்ப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிற இடம் இது. "அந்தப் பையன் நின்னுட்டானுங்க" என்று சூப்பர்வைசர் சொன்னால் அவன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று பொருள். அதே ஊரில் "நின்னு சாதிச்சான்", "ஒத்தக் கால்ல நின்னான்" என்றால் விடாமல் பிடித்தான் என்று பொருள். ஒரே "நில்", இரண்டு எதிர்ப் பொருள். எது நின்றது என்று பார்த்தால் குழப்பம் போய்விடும். ஒன்றில் ஓட்டம் நின்றது, மற்றொன்றில் ஆள் நின்றார்.

பனியன் கம்பெனி சொந்தக்காரர் கேட்டதும் இந்த விஷயம்தான். கைமடிக்க, அதாவது டெய்லர் பக்கத்தில் நின்று உதவ, வந்த பையன் மூன்று நாளில் நின்றுவிட்டானாம், அவனை என்னவென்று சொல்வது? ராத்திரி பத்து மணிவரை ஒன்றரை ஷிப்ட், நின்றபடியே வேலை, பஞ்சுத் தூசி. மூன்று நாள் நின்றுகொண்டே இருந்தவன் நாலாவது நாள் நின்றுவிட்டான், அவ்வளவுதானே என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "உங்ககிட்ட வார்த்தை கேட்டா வக்கணை பேசறீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

"போச்சாது" என்று சொல்வது கைவிடுவதா?

"போச்சாது" என்றால் பரவாயில்லை, போகட்டும் விடு என்று பொருள். மற்ற வட்டாரங்களில் இந்தச் சொல் கேட்காது. பால் கொட்டினால் "போச்சாது". பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால் "போச்சாது போ கண்ணு, அடுத்த தடவ பாத்துக்கலாம்". கவனியுங்கள், அதில் அடுத்த தடவை இருக்கிறது. இழந்ததை விடுவதுதான் போச்சாது, முயற்சியை விடுவது அல்ல. ஆனால் ஒருவர் தன் வேலைக்குத் தானே எல்லா இடத்திலும் "போச்சாது" போட ஆரம்பித்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான். என் அமுச்சி (அம்மாவின் அம்மா) அடுத்தவருக்குத்தான் அதைச் சொல்வாள். தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

ஜகா வாங்குவது, கழண்டுகொள்வது, கைகழுவுவது, தலைமுழுகுவது, எல்லாம் ஒன்றுதானா?

ஒன்று போலத் தெரியும், அளவு வேறு.

ஜகா வாங்குவது என்றால் ஒப்புக்கொண்டதிலிருந்து கடைசி நேரத்தில் பின்வாங்குவது. கூட்டுச் சேர்ந்து நிலம் வாங்கலாம் என்று பேசி, அட்வான்ஸ் கொடுக்கிற அன்று "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார்களே, அது. கழண்டுகொள்வதில் சத்தம் இருக்காது. கூட்டத்தில் இருந்தவர் எப்போது போனார் என்றே தெரியாது. கைகழுவுவதில் பொறுப்பைத் துறப்பது இருக்கிறது, அடுத்தவரை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிற குற்றமும் சேர்ந்திருக்கிறது. தலைமுழுகுவது கடைசிப் படி. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிப்பதுபோல, இனி உறவே இல்லை என்று தீர்த்துவிடுவது. நாலு வருஷம் இழுத்த வழக்கைத் தலைமுழுகினேன் என்று சொன்னால் யாரும் அவரைச் சீக்கிரம் விட்டவர் என்று சொல்லமாட்டார்கள்.

காலில் கொப்பளம் வந்து பஸ் ஏறியவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா?

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் கேட்கிற கேள்வி இது, ஆண்டுதோறும் வருகிறது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர். காங்கயம் தாண்டும்போதே நொண்டினார். தாராபுரத்தில் செருப்பைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பாதத்திலும் எட்டணா அகலத்துக்குக் கொப்பளம், ஒன்று உடைந்து துணியோடு ஒட்டியிருந்தது. யாரோ மஞ்சளும் எண்ணெயும் தடவினார்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அவர் இல்லை. பஸ் ஏறிவிட்டார். நடந்தவர்களில் இளசுகள் கேலி பேசினார்கள். மூத்தவர் ஒருவர் மட்டும், "அவருக்குக் குடுப்பினை அவ்வளவுதான், விடுங்கப்பா" என்றார்.

"குடுப்பினை" என்ற சொல்லின் வேலை இதுதான். அது விட்டவரைத் தப்ப வைக்கிறது. கொடுக்கிறவன் மேலே இருக்கிறான், அவன் கொடுத்தது தாராபுரம் வரைக்கும்தான். நாங்கள் பழனி அடிவாரம் சேர்ந்தபோது அவர் அங்கே ஒரு தூக்குவாளி மோரோடு நின்றிருந்தார். கேலி பேசிய பையன்கள்தான் முதலில் வாங்கிக் குடித்தார்கள்.

விளையாட்டில் விட்டுவிடுகிறவர்களுக்குத் தனிச் சொல் உண்டா?

நிறைய உண்டு. ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் "அம்பேல்" என்று கையைத் தூக்கிவிடலாம். யாரும் தொடக்கூடாது. இது கௌரவமான விலகல், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிட வேண்டும். ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் அம்பேல் போட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தோற்பது உறுதி என்றதும் கோட்டை அழித்துவிட்டு அழுகிறவன் "அழுகுணி". அடிக்கடி தோற்று, தோற்றதற்கெல்லாம் சாக்குச் சொல்கிறவன் "தோத்தாங்கோளி".

சேவல்கட்டில் ஒன்று இருக்கிறது. தோற்ற சேவலைக் "கோச்சை" என்பார்கள். அது ஜெயித்த சேவல்காரருக்குப் போய்விடும், பெரும்பாலும் குழம்புக்குத்தான். ஓடித் தோற்றதும் கோச்சை, நின்று சண்டை போட்டுச் செத்ததும் கோச்சை. குழம்புச் சட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பழைய தமிழில் இதற்குச் சொல் என்ன?

குறளில் "அசாவு" என்று ஒன்று வருகிறது. "அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்" என்பது 611-ஆவது குறளின் முதல் அடி. கஷ்டமான வேலை என்று தளர்ந்துபோகக் கூடாது என்கிறது. அசாவு என்றால் தளர்வு. இன்றைக்கு வேலை செய்து "அசந்துட்டேன்" என்கிறோமே, அந்தப் பேச்சுக்குப் பக்கத்துச் சொல்போலக் கேட்கிறது.

அதற்கு அடுத்த குறள்தான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது.

வினைக்கண் வினைகெடல் ஓம்பல் வினைக்குறை
தீர்ந்தாரின் தீர்ந்தன்று உலகு.

வேலையை அரைகுறையாக விட்டவரை உலகமும் விட்டுவிடும். "தீர்" என்ற ஒரே வினையை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார். நீ அதைத் தீர்த்தாய், உலகம் உன்னைத் தீர்த்தது. திருப்பூர் சூப்பர்வைசர் "நின்னுட்டானா, பேர அடிச்சிரு" என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். இங்கேயும் பாருங்கள், விட்டவருக்குப் பட்டப்பெயர் இல்லை. "தீர்ந்தார்" என்று செயலை வைத்தே சொல்கிறார், அதிலும் மரியாதைப் பன்மையில்.

அப்படியானால் எதையும் விடவே கூடாதா?

யார் சொன்னது? அதே வள்ளுவர் 463-இல், வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலையும் தொலைக்கிற வேலையை அறிவுடையவர்கள் செய்யமாட்டார்கள் என்கிறார்.

கொங்குநாட்டில் இந்தக் குறளுக்குப் போர்வெல் என்று பெயர். பாறை பூமி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகிற அளவுக்கு அந்தத் தொழில் இங்கே வளர்ந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் போட்ட ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாயிண்ட் பார்த்தவர் 400 அடியில் தண்ணீர் என்று சொல்லியிருந்தார். 400-இல் வெள்ளைப் புழுதி. 600-இல் அதே புழுதி, தென்னை ஓலையெல்லாம் மாவு தூவியதுபோல ஆகிவிட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது, கையால்தான் பேச்சு. 750-இல் புழுதி கொஞ்சம் கறுத்தது. ஈரமோ என்று அப்பா ஓடிப்போய்க் கையில் பிடித்துப் பார்த்தார். பாறையின் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆழம் போகப் போக அடிக்கு இவ்வளவு என்கிற ரேட்டும் ஏறும்.

900-இல் அப்பா கையைக் காட்டினார். ரிக்காரர் இறங்கி வந்து, "இன்னொரு நூறடி பாத்துப்போடலாமுங்க, இவ்வளவு தூரம் வந்துபோட்டமில்லீங்க" என்றார். இந்த வாக்கியத்தில்தான் கொங்குநாட்டில் பாதி நிலம் அடமானத்துக்குப் போயிருக்கிறது. அப்பா, "வந்த தூரம் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் பெரியப்பா "அவசரப்பட்டுட்டியே" என்றார். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் 1,100 அடி போய்த் தண்ணீர் எடுத்தார். அதற்கும் அடுத்த தோட்டத்துக்காரர் 1,200 போய்ப் புழுதியோடு நின்றார். இந்த மூவரில் யாரைச் சீக்கிரம் விட்டவர் என்பீர்கள்? விட்டது சரியா என்பது தண்ணீர் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. பெயர் மட்டும் அதற்கு முன்பே வைத்துவிடுகிறார்கள்.

எதிர்ச்சொல் என்ன?

விடாக்கண்டன், உடும்புப்பிடி, வைராக்கியக்காரர். "விடாப்பிடி" பாதி புகழ்ச்சி, பாதி எரிச்சல். கொங்குநாட்டில் ஊர்ப் பெயராகவே ஒன்று இருக்கிறது. அறச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த இடம். ஆங்கிலேயரோடு சண்டை போட்டு, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். பெயரைப் பிரித்தாலே ஓடாத நிலை என்று படிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் என்னோடு ஹாஸ்டலில் இருந்தான். வார்டனைப் பார்த்தால் முதலில் ஓடுகிறவன் அவன்தான்.

காளிங்கராயன் வாய்க்காலையும் இங்கே சேர்க்கலாம். பவானியில் பிரிந்து கொடுமுடிப் பக்கம் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர். 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் வெட்டியது. நேர்க்கோடாக ஓடாது, வளைந்து வளைந்து போகும். பாம்பு வழி காட்டியது என்று கதை சொல்வார்கள். மேட்டில் முட்டிய இடத்தில் எல்லாம் விட்டுவிடாமல் திரும்பியிருக்கிறார் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளை ஆரம்ப சூரன் என்று கூப்பிடலாமா?

ஒருமுறை கேலிக்குச் சொன்னால் மறந்துவிடும். அதையே கூப்பிடும் பெயராக்கிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். உறம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும்போது "இவனா, எதையும் முழுசாச் செய்யமாட்டான்" என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் ரொம்ப. "கராத்தேய விட்டுட்டான்" என்று சொல்லுங்கள், அது கராத்தேயோடு முடிந்துவிடும். கிணற்று மேட்டில் எனக்கு வைத்த பேரை ஊரில் இன்னும் ரெண்டு பேர் மறக்கவில்லை. நான் அதற்கடுத்த கோடையிலேயே நீச்சல் பழகிவிட்டேன், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அலுவலகக் கடிதத்தில் மரியாதையாக எழுத?

"தொடர இயலவில்லை", "பாதியில் விலகினார்", "இடைநின்றார்". பள்ளிப் பிள்ளைகளுக்கு "இடைநிற்றல்" என்பதுதான் கல்வித் துறையில் புழங்கும் சொல். அதிலும் பாருங்கள், நிற்பதுதான்.

எனக்கு எல்லாமே விட்டுப்போச்சு. ஒரு வேலையில் மட்டும் இல்லை. நான் எந்தச் சொல்?

எதுவும் இல்லை. வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், பிடித்தவர்கள் என்று எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அது குணம் அல்ல, உடம்புக்கு முடியாததுபோல ஒன்று. டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சண்டி மாடு என்று ஆளைச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

வண்டியிலோ ஏரிலோ பூட்டியதும் நகராமல் நிற்கிற, அல்லது பாதி வழியில் படுத்துக்கொள்கிற மாடுதான் சண்டி. அந்த வேலைக்குச் "சண்டித்தனம்" என்று பெயர். காங்கயம் மாட்டுக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் அது சாதாரண வசவு இல்லை. முன்பு கிணற்றில் கவலை ஓட்டிய காலத்தில், மாடுகள் சரிவில் முன்னும் பின்னும் நடந்துதான் தண்ணீர் மேலே வரும். ஒரு மாடு படுத்தால் அன்றைக்கு வெள்ளாமைக்குத் தண்ணீர் இல்லை. (அந்த ஏற்றத்துக்குக் கவலை என்று பெயர் வைத்தவர் அனுபவப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.) தடை வந்த இடமெல்லாம் இழுத்துச் செல்கிற எருதைப் பற்றி வள்ளுவர் 624-இல் சொன்னது படுக்காத மாட்டைப் பற்றி. படுத்த மாட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. எங்கள் அப்பாரு (தாத்தா) சொன்னது இருக்கிறது.

சந்தையில் ஒரு மயிலைக் காளையை ரொம்ப மலிவாகப் பிடித்து வந்தார். விற்றவரே "சண்டிங்க, தெரிஞ்சு வாங்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். முதல் நாள் வண்டியில் பூட்டினார்கள். இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டிப்பாதை) முக்கு வரைக்கும் வந்தது. அங்கே முன்னங்கால் இரண்டையும் மடித்துப் படுத்துவிட்டது. வண்டியில் இருந்தவர் வாலை முறுக்கினார். எழவில்லை. பண்ணையத்தில் இருந்த ஒருவர் தார்க்குச்சியை எடுத்தார். அப்பாரு "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். நுகத்தடியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார்.

திமிலுக்கு முன்னால், நுகம் உட்காருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே காய்ந்து முடி மூடியிருந்தது, அடியில் சீழ். நுகம் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அது உடைந்திருக்கிறது.

கட்டுத்தரைக்குக் கொண்டுவந்து வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டார். ரெண்டு மாதம் எதிலும் பூட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த மாடு எங்கள் வீட்டில் ஏழு வருஷம் இருந்தது. சண்டி என்ற பேர் மட்டும் போகவில்லை. "சண்டியப் பூட்டு, சந்தைக்கு நேரமாச்சு" என்றுதான் கடைசி வரைக்கும் கூப்பிட்டார்கள்.